முப்பதாண்டுப் போர மதச் சண்டைன்னு மட்டும் சொல்லி முடிச்சிடாதீங்க: தமிழ்ல உலக வரலாறு பேசுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் நண்பர்களே,

தமிழ்ல உலக வரலாறு சொல்றவங்க இன்னைக்கு நெறைய பேர் இருக்கீங்க. யூடியூப்ல வீடியோ போடுறீங்க, பாட்காஸ்ட் பண்றீங்க, சில பேர் ஃபேஸ்புக்ல தொடரா எழுதுறீங்க. ஒவ்வொன்னுக்கும் பின்னாடி எவ்ளோ ராத்திரி முழிச்சு உழைக்கிறீங்கன்னு தெரியும், அந்த மரியாதையோடயும் கொஞ்சம் உரிமையோடயும் தான் இத எழுதுறேன்.

விஷயம் 1618-ல இருந்து 1648 வரைக்கும் ஐரோப்பாவுல நடந்த முப்பதாண்டுப் போர். இத பத்தி தமிழ்ல வந்த வீடியோல நான் பாத்த வரைக்கும் கதை ஒரே மாதிரி தான் போகுது. கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டண்ட் ஒரு பக்கம், முப்பது வருஷம் வெட்டிக்கிட்டு செத்தாங்க, கடைசியில ஓஞ்சு போய் ஜெர்மனியில வெஸ்ட்ஃபாலியால சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, முடிஞ்சது. கீழ கமெண்ட்ட பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில நடந்தத வச்சு நம்மூர்ல பக்கத்து தெருக்காரனோட மதத்த திட்டுறாங்க, "இவங்க மதமே இப்படித்தான்"னு எழுதுறாங்க, அதுக்கு எதிர்ப்பக்கம் இன்னொருத்தர் வந்து இன்னும் கேவலமா எழுதுறாரு. நீங்க அந்த நோக்கத்துல வீடியோ போடலன்னு எனக்கு தெரியும். ஆனா கதைய அவ்ளோ சுருக்கி சொன்னா அது அங்க தான் போய் நிக்கும்.

நான் கேக்குறது இது தான். யார் எந்த மதம்னு சொல்றதோட நிறுத்தாதீங்க. யார் யாருக்கு காசு குடுத்தாங்க, யார் யாரோட படையில சம்பளம் வாங்கினாங்க, அந்த படை யார் வீட்டு தானியத்த தின்னுச்சு, இதையும் சேத்து சொல்லுங்க. அப்படி சொன்னீங்கன்னா கத்தோலிக்கருக்கு ஒன்னு, புராட்டஸ்டண்ட்டுக்கு ஒன்னுன்னு உங்க மேப்ல இருக்கிற ரெண்டு கலர் நிக்காது.

ஆரம்பத்துல இருந்தே பாருங்க. 1555-ல ஆக்ஸ்பர்க்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, எந்த ஊர எந்த இளவரசன் ஆள்றானோ அவன் மதம் தான் அந்த ஊருக்கு. ஆனா அதுல ரெண்டு சபைக்கு மட்டும் தான் எடம், கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும். லூத்தரன், கால்வினிஸ்ட் ரெண்டுமே புராட்டஸ்டண்ட் பிரிவு தான், ஆனா கால்வினிஸ்ட்டுகளுக்கு சட்டத்துல எடமே இல்ல. அதனால "புராட்டஸ்டண்ட் அணி"ன்னு நீங்க ஒரே கலர் அடிக்கிறீங்கல்ல, அதுக்குள்ளயே லூத்தரனுக்கும் கால்வினிஸ்ட்டுக்கும் தீராத பகை. சில லூத்தரன் போதகருங்க கால்வினிஸ்ட்ட விட போப்பே மேல்னு நெனச்ச காலம் அது.

1618 மே 23-ல பொஹேமியாவோட (இன்னைக்கு செக் நாடு) தலைநகர் ப்ராக்ல, கோட்டை ஜன்னல்ல இருந்து ரெண்டு கத்தோலிக்க அதிகாரிங்களையும் அவங்க செயலாளரையும் தூக்கி வெளிய போட்டாங்க, மூணு பேரும் பொழச்சுக்கிட்டாங்க, மாதா தாங்கிப் பிடிச்சாங்கன்னு ஒரு பக்கம் சொல்ல குப்பை மேல விழுந்தாங்கன்னு இன்னொரு பக்கம் சொன்னுச்சு. இந்த சீன எல்லாரும் நல்லாவே சொல்றீங்க. ஆனா இதுக்கு அடுத்து வர்ற கணக்கு தான் முக்கியம், அத பெரும்பாலும் விட்டுடுறீங்க. அன்னைக்கு ஜெர்மன் பகுதிகளையெல்லாம் சேத்திருந்த புனித ரோமப் பேரரசுக்கு பேரரசர தேர்ந்தெடுக்குற ஓட்டு மொத்தம் ஏழு. மைன்ஸ், ட்ரியர், கொலோன் இந்த மூணு பேராயரும் கத்தோலிக்கர். சாக்சனி, பிராண்டன்பர்க், பலட்டினேட் மூணும் புராட்டஸ்டண்ட். ஏழாவது ஓட்டு பொஹேமியா ராஜாவோடது. பொஹேமியாக்காரங்க, பேரரசர் பதவிய தலைமுறையா வச்சிருந்த கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் குடும்பத்து பெர்டினாண்ட (பேரரசர் இரண்டாம் பெர்டினாண்ட் ஆனவரு இவரு தான்) தூக்கிட்டு பலட்டினேட்டோட கால்வினிஸ்ட் இளவரசன் ஐந்தாம் ஃப்ரெடரிக்க 1619-ல ராஜாவா ஆக்கினாங்க பாருங்க, அது வெறும் கோயில் பிரச்சனை இல்ல, ஏழுல நாலு ஓட்டு புராட்டஸ்டண்ட் கைக்கு போகப் போகுதுங்கற பிரச்சனை. அதே நேரத்துல அந்த கோயில் பிரச்சனையும் நெசமானது தான், ரெண்டையும் பிரிச்சு வைக்க முடியாது.

ஃப்ரெடரிக்குக்கு யார் துணைக்கு வந்தாங்க? மாமனார் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ், புராட்டஸ்டண்ட் தான், மருமகனுக்காக ஒரு படைய திரட்டி ப்ராக்குக்கு அனுப்பல. புராட்டஸ்டண்ட் யூனியன்னு 1608-ல ஒன்னு உருவாக்கி வச்சிருந்தாங்க, அது 1620 ஜூலையில உல்ம்ல நாங்க நடுநிலைன்னு கையெழுத்து போட்டு ஒதுங்கிடுச்சு. இதுக்கெல்லாம் மேல சாக்சனியோட லூத்தரன் எலெக்டர் (பேரரசர தேர்ந்தெடுக்க ஓட்டு உள்ள இளவரசர்) ஜோஹன் கியோர்க், அவர் கத்தோலிக்க பேரரசர் பக்கமே சேர்ந்து படைய எறக்கி லவுசிட்ஸ் பகுதிய புடிச்சாரு, கைமாறா அந்த பகுதியே அவருக்கு கிடைச்சுது. 1620 நவம்பர் 8, ப்ராக்குக்கு வெளிய வெள்ளை மலையில ரெண்டு மணி நேரம் கூட நிக்காம சண்டை முடிஞ்சுது. அடுத்த வருஷம் ஜூன் 21-ல ப்ராக் பழைய ஊர் சதுக்கத்துல 27 பேருக்கு மரண தண்டனை. அந்த எடத்துல இன்னைக்கும் தரையில 27 வெள்ளை சிலுவை பதிச்சு வச்சிருக்காங்க. அந்த 27 பேர்ல கத்தோலிக்கரும் இருந்தாரு, இதையும் யாரும் சொல்றதில்ல.

அதுக்கப்புறம் நடந்தது தான் என்ன ரொம்ப பாதிச்ச பகுதி. தோத்தவங்க நிலத்த பறிமுதல் பண்ணி வித்தாங்க, பொஹேமியாவுல ஏறக்குறைய பாதி நிலம் கை மாறுச்சு. யார் வாங்கினாங்க? 1622-ல ஒரு கூட்டணி நாணயம் அடிக்கிற உரிமைய குத்தகைக்கு எடுத்துச்சு. லிக்டென்ஸ்டைன் பிரபு கத்தோலிக்கர், ஹான்ஸ் டி விட்ட கால்வினிஸ்ட் வங்கிக்காரர், யாக்கோப் பாசெவி ப்ராக் யூத வணிகர், அப்புறம் புராட்டஸ்டண்ட்டா பொறந்து கத்தோலிக்கரா மாறின வாலன்ஸ்டைன். வெள்ளிய கொறச்சு செம்ப கூட்டி காசு அடிச்சாங்க, அந்த மட்டமான காசுல பறிமுதல் நிலத்த மலிவா வளைச்சாங்க, வெலவாசி ஏறி சாதாரண சனம் சேத்து வச்ச காசு செல்லாக்காசா போச்சு. மூணு மதத்துக்காரங்க ஒரே டேபிள்ல உக்காந்து பண்ணின வேலை இது. இந்த ஒரு சம்பவத்துக்கே ஒரு முழு வீடியோ போடலாம், தமிழ்ல இதுவரைக்கும் நான் ஒன்னு கூட பாக்கல.

இந்த வாலன்ஸ்டைன் தான் 1625-ல பேரரசர்கிட்ட போய் உங்களுக்காக நான் ஒரு படை திரட்டித் தரேன், கஜானாவுல இருந்து நீங்க பெருசா ஒன்னும் தர வேண்டாம்னு சொன்னாரு. இந்த எடத்துல கொஞ்சம் நின்னு விளக்கணும், ஏன்னா போரோட இயந்திரமே இது தான். படை ஒரு ஊருக்குள்ள போகும், கமிஷனர் வந்து இந்த ஊர் வாராவாரம் இவ்ளோ பணம், இவ்ளோ ரொட்டி, இவ்ளோ பீர், இவ்ளோ குதிரைத் தீனி தரணும்னு சீட்டு குடுப்பாரு, குடுத்தா ஊர கொளுத்த மாட்டோம், குடுக்கலன்னா கொளுத்துவோம். இதுக்கு பேர் கான்ட்ரிபியூஷன். எதிரி ஊர் நட்பு ஊர்ங்கற வித்தியாசமெல்லாம் இல்ல, கத்தோலிக்க படை கத்தோலிக்க கிராமத்தையும் உறிஞ்சுச்சு. பணம் வசூலாக நாள் ஆகும், சிப்பாய்க்கு சம்பளம் உடனே வேணும், அந்த இடைவெளிய தன் கடனால நிரப்பினது மேல சொன்ன ஹான்ஸ் டி விட்ட. ஐரோப்பா முழுக்க கடன் வாங்கி கத்தோலிக்க பேரரசரோட படைக்கு காசு போட்டது ஒரு கால்வினிஸ்ட். 1630-ல ரேகன்ஸ்பர்க்ல இளவரசர்கள் எல்லாம் சேர்ந்து நெருக்கி வாலன்ஸ்டைன பதவிய விட்டு எறக்கினதும் டி விட்டவோட கடன் சங்கிலி அறுந்து போச்சு, அவர் தன் வீட்டு கிணத்துல விழுந்து செத்துட்டாரு.

படை பெருசானா தின்ன பெரிய ஏரியா வேணும், பெரிய ஏரியாவ புடிக்கணும்னா இன்னும் பெரிய படை வேணும். அதனால தான் போர நிறுத்தவே முடியல. நிறுத்தினா படைக்கு பாக்கி சம்பளம் குடுக்கணும், குடுக்க யார்கிட்டயும் காசு இல்ல. 1648-ல சமாதானம் பேசும்போது கூட கடைசி வரைக்கும் இழுத்த விஷயங்கள்ல ஒன்னு ஸ்வீடன் படைக்கு பாக்கிய யார் குடுக்குறதுங்கறது தான். ஐம்பது லட்சம் தாலர்னு (அன்னைக்கு ஜெர்மனியோட வெள்ளிக் காசு) முடிவாச்சு, அத ஜெர்மன் ஊர்க்காரங்க தான் கட்டினாங்க, தங்கள கொள்ளையடிச்ச படை வீட்டுக்கு போறதுக்கு தாங்களே பணம் குடுத்தாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். கொஞ்சம் ஆழமா படிச்ச சில பேர் வீடியோல "மதம்லாம் சும்மா வேஷம், எல்லாமே காசும் அதிகாரமும் தான்"னு ஒரே போடா போடுறாங்க. அதுவும் தப்பு. இரண்டாம் பெர்டினாண்ட் நெசமாவே நம்பினவரு. 1629 மார்ச்ல அவர் போட்ட ஆணை, 1552-க்கு அப்புறம் புராட்டஸ்டண்ட்டுங்க எடுத்துக்கிட்ட திருச்சபை நிலம், மடம், பேராயம் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்னு. அந்த நேரத்துல அவர் கை ஓங்கியிருந்துச்சு, டென்மார்க் தோத்துப் போயிருந்துச்சு, கம்முனு இருந்திருந்தா ஜெயிச்சத தக்க வச்சிருக்கலாம். வாலன்ஸ்டைனே இது வேண்டாத வேலைன்னு தான் நெனச்சாரு. ஆனாலும் பெர்டினாண்ட் போட்டாரு, கடவுளுக்கு பட்ட கடன்னு நெனச்சாரு, அது அவருக்கு துணையா நின்ன சாக்சனி மாதிரி லூத்தரன் இளவரசர்களையே எதிர்ப்பக்கம் தள்ளிடுச்சு. 1635-ல ப்ராக் ஒப்பந்தத்துல அந்த ஆணைய நாப்பது வருஷத்துக்கு ஒத்தி வைக்க வேண்டியதா ஆச்சு, நடுவுல எவ்ளோ சாவு. பொஹேமியாவுல மதம் மாறு இல்லன்னா கெளம்புன்னு சொன்னப்போ ஆயிரக்கணக்கான குடும்பம் வீட்டையும் நிலத்தையும் விட்டுட்டு போனாங்க. கல்வியில பெரிய பேரான கொமேனியஸ் அப்படி 1628-ல தாய்நாட்ட விட்டு போனவரு தான், அப்புறம் அவர் திரும்பவே இல்ல. அவங்களுக்கு மதம் வேஷம்னு சொன்னா அந்த குடும்பங்கள நாம அவமானப்படுத்துறோம்.

நம்பிக்கை நெசமா இருந்ததால தான் அத வச்சு ஆள் திரட்ட முடிஞ்சுது. பொய்யான நம்பிக்கைக்காக யாரும் ஊர விட்டு போக மாட்டாங்க. உங்க ஸ்கிரிப்ட்ல இந்த ரெண்டும் ஒரே சமயத்துல இருக்கணும்னு தான் கேக்குறேன்.

1630-க்கு அப்புறம் ரெண்டு கலர் மேப் சுத்தமா கிழிஞ்சு போகுது. ஸ்வீடன் ராஜா குஸ்டாவஸ் அடால்ஃபஸ் லூத்தரன், 1630 ஜூலையில ஜெர்மன் கரையில எறங்குறாரு. அவருக்கு காசு எங்க இருந்து வந்துச்சு? 1631 ஜனவரியில பேர்வால்டங்கற ஊர்ல பிரான்ஸோட ஒப்பந்தம் போட்டாரு, வருஷத்துக்கு நாலு லட்சம் தாலர், பதிலுக்கு 30,000 காலாட்படையும் 6,000 குதிரைப்படையும் அவர் நிறுத்தி வைக்கணும். அந்த காச குடுத்த பிரான்ஸ் மந்திரி ரிஷ்லியூ, ரோமன் கத்தோலிக்க கார்டினல்! அதே ரிஷ்லியூ தான் ரெண்டு மூணு வருஷம் முன்னாடி 1627-28-ல சொந்த நாட்டு புராட்டஸ்டண்ட்டுங்களோட லா ரோஷெல் ஊர முற்றுகை போட்டு பட்டினியில சாகடிச்சவரு, 25,000-க்கு மேல இருந்த ஊர்ல கடைசியா மிஞ்சினது சுமார் 5,000 பேர். வீட்டுக்குள்ள புராட்டஸ்டண்ட் படைபலம் வச்சிருந்தா ராஜாவுக்கு ஆபத்து, வெளிய ஹாப்ஸ்பர்க் பெருசானா பிரான்ஸுக்கு ஆபத்து, அவர் கணக்கு அது தான். போப் எட்டாம் அர்பன் கூட ஹாப்ஸ்பர்க் கை ரொம்ப ஓங்குறத விரும்பல. பிராண்டன்பர்க் எலெக்டர் குஸ்டாவஸோட சொந்த மச்சான், புராட்டஸ்டண்ட், ஆனா ஸ்வீடன் படை பீரங்கியோட பெர்லின் வாசல்ல வந்து நின்னப்புறம் தான் கூட்டணிக்கு சம்மதிச்சாரு.

1631-ல குஸ்டாவஸ் ஜெயிச்ச ப்ரைட்டன்ஃபெல்ட் சண்டை, லைட் பீரங்கி, வரிசை மாத்தி சுடுறது இதெல்லாம் நீங்க அனிமேஷன் போட்டு ரொம்ப அழகா காட்டுறீங்க, அதுல நான் சொல்ல ஒன்னும் இல்ல. ஒரே ஒரு விஷயம் மட்டும் சேத்துக்கோங்க. வடக்கு ஸ்வீடன்ல பிக்டியோன்னு ஒரு வட்டாரம், அங்க இருந்து 1621-ல இருந்து 1639 வரைக்கும் 230 பேர படைக்கு எடுத்தாங்க, அதுல 215 பேர் வெளிநாட்டு மண்ணுல செத்துட்டாங்க, ஊருக்கு திரும்பினது அஞ்சு பேர், அந்த அஞ்சு பேரும் ஊனமா. பெரும்பாலும் குண்டு பட்டு சாகல, முகாம்ல வந்த நோயில போனாங்க. ஸ்வீடன் வல்லரசா ஆச்சுன்னு சொல்ற அதே நிமிஷத்துல இந்த கணக்கையும் சொல்லணும்.

மாக்டபர்க்ங்கற புராட்டஸ்டண்ட் ஊர் பத்தி பேசாத வீடியோ இல்ல. 1631 மே 20, தளபதி திலியோட கத்தோலிக்க படை உள்ள பூந்து, தீ பத்தி, ஏறக்குறைய 20,000 பேர் செத்தாங்க, அடுத்த வருஷம் எண்ணிப் பாத்தப்ப ஊர்ல 449 பேர் தான் இருந்தாங்க. இத வச்சு கத்தோலிக்க கொடூரம்னு தலைப்பு போடுறது ரொம்ப சுலபம். அன்னைக்கு உள்ள பூந்த சிப்பாய்ங்கள்ல ஒருத்தர் எழுதி வச்ச டைரி நமக்கு கிடைச்சிருக்கு. பேட்டர் ஹாகண்டார்ஃப். கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகத்துல ரொம்ப காலம் கெடந்து 1988-ல தான் ஒரு ஆய்வாளர் கண்ணுல பட்டுச்சு. இந்த மனுஷன் இருபத்தஞ்சு வருஷத்துல ஏறக்குறைய 22,000 கிலோமீட்டர் நடந்திருக்காரு, இத்தாலியில இருந்து பால்டிக் கரை வரைக்கும், பிரான்ஸ் வரைக்கும்.

மாக்டபர்க்ல நுழைஞ்ச உடனே அவருக்கு ரெண்டு குண்டு, வயித்துல ஒன்னு, தோள்ல ஒன்னு. அவர முகாமுக்கு தூக்கிட்டு வந்துட்டாங்க. பொண்டாட்டி அன்னா, குழந்தை ஒடம்பு சரியில்லாம கெடக்கு, புருஷன் அரை உயிரா கெடக்கான், கட்டு போட துணி இல்ல, படுக்க படுக்கை இல்லன்னு எரியுற ஊருக்குள்ள போயிட்டா. வீடெல்லாம் சரியுது, உள்ள போனவங்க பலர் மாட்டிக்கிட்டாங்கன்னு முகாம்ல சத்தம். ஒன்றரை மணி நேரம் கழிச்சு அவ வந்தா, கூட அந்த ஊர் கிழவி ஒருத்தி படுக்கைய தூக்கிட்டு வரா, ஒரு பெரிய குடம் ஒயின், ரெண்டு வெள்ளி ஒட்டியாணம், கொஞ்சம் துணிமணி. அந்த சாமான பின்னாடி ஹால்பர்ஸ்டாட்ல 12 தாலருக்கு வித்ததையும் அவர் எழுதி வச்சிருக்காரு. அவ்ளோ நல்ல ஊர் எரிஞ்சது மனச வருத்துச்சு, அது என் தாய்நாட்டு ஊர்னும் எழுதியிருக்காரு. கொள்ளையடிச்சவனும் அவன் தான், துக்கப்பட்டவனும் அவன் தான். மதத்த பத்தி அந்த எடத்துல பெருசா ஒன்னும் இல்ல.

இதே ஹாகண்டார்ஃப் 1633-ல ஸ்ட்ராபிங்ல ஸ்வீடன்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டாரு, ஒடனே அவங்க படையில சேத்துக்கிட்டாங்க, புராட்டஸ்டண்ட் படையில சண்டை போட்டாரு. அடுத்த வருஷம் செப்டம்பர்ல நோர்ட்லிங்கன்ல அந்த படை தோத்ததும் பழைய கத்தோலிக்க ரெஜிமென்ட்டுக்கே திரும்ப வந்துட்டாரு. கைதிய கொல்றத விட சம்பளத்துக்கு சேத்துக்கறது தான் அன்னைக்கு வழக்கம். அன்னா 1633-லயே செத்துட்டா, அவளுக்கு பொறந்த குழந்தைங்க ஒன்னு கூட தங்கல. பின்னாடி ரெண்டாவது கல்யாணத்துல பொறந்த பையன ஒரு ஸ்கூல் வாத்தியார் வீட்ல விட்டுட்டு படையோட நடந்தாரு, போர் முடிஞ்சப்புறம் போய் கூட்டிட்டு வந்தாரு. ராஜாக்கள் பேர சொல்ற நேரத்துல கால்வாசிய இந்த குடும்பத்துக்கு குடுங்க. கேக்குறவங்க மறக்கவே மாட்டாங்க.

வாலன்ஸ்டைன 1634 பிப்ரவரியில ஏகர்ல கொன்னதும் இதே மாதிரி தான். கத்தோலிக்க பேரரசரோட உத்தரவு, அத முன்ன நின்னு நடத்தினவங்கள்ல பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கர், கார்டனும் லெஸ்லியும் ஸ்காட்லாந்து புராட்டஸ்டண்ட். 1635-ல கத்தோலிக்க பிரான்ஸ் கத்தோலிக்க ஸ்பெயின் மேல நேரடியா போர் அறிவிச்சுது. 1643 கடைசியில லூத்தரன் ஸ்வீடன் லூத்தரன் டென்மார்க் மேல பாஞ்சு, 1645-ல கோட்லாண்ட் தீவு உட்பட பல பகுதிய புடுங்கிடுச்சு. ஒரே சபை, ஆனா பால்டிக் கடல் யாருதுங்கறது தான் சண்டை. அதிகாரம் கை மாறினது இப்படித்தான். ஸ்பெயின் எறங்கிக்கிட்டே வந்துச்சு, பிரான்ஸ் ஏறுச்சு, ஸ்வீடன் கொஞ்ச காலத்துக்கு பெரிய ஆளா ஆச்சு, சொந்தக் காசுல படை நடத்துற வாலன்ஸ்டைன் மாதிரி ஆளுங்க காலம் மெல்ல முடிஞ்சு அரசாங்கமே வரி போட்டு நிரந்தர படை வச்சிக்கிற காலம் வந்துச்சு.

கடைசி சீன் இன்னும் ஆச்சரியம், இதையும் வீடியோல காணோம். 1648 ஜூலையில ஸ்வீடன் படை ப்ராக்கோட ஒரு பகுதிய புடிச்சு கோட்டையில இருந்த கலைப்பொருளெல்லாம் அள்ளிட்டு போச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய ஊருக்குள்ள போக சார்லஸ் பாலத்துல முட்டி மோதுறாங்க, எதிர்த்து நின்னது யாரு? ப்ராக் ஊர்க்காரங்களும் மாணவருங்களும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஹாப்ஸ்பர்க் அதிகாரிய ஜன்னல் வழியா வீசின அதே ஊர், இப்ப ஹாப்ஸ்பர்க்குக்காக புராட்டஸ்டண்ட் படைய எதிர்த்து நிக்குது. நடுவுல ஒரு தலைமுறையே மாறிப்போச்சு, போனவங்க போயிட்டாங்க, இருந்தவங்க மாறிட்டாங்க. மதம் அதிகாரத்த மாத்துனது மட்டும் இல்ல, அதிகாரம் மதத்த மாத்துனதுக்கு இத விட பெரிய சாட்சி எனக்கு தெரியல.

வெஸ்ட்ஃபாலியாவ பத்தி ஒரு வார்த்தை. "அன்னைக்கு நவீன தேசம் பொறந்துச்சு"ன்னு ஒரு வரியில கடந்து போகாதீங்க, உள்ள என்ன எழுதினாங்கன்னு காட்டுங்க. கால்வினிஸ்ட்டுக்கு சட்டத்துல எடம் குடுத்தாங்க. 1624-ங்கற வருஷத்த அளவா வச்சு அன்னைக்கு எந்த கோயில் யார்கிட்ட இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்னாங்க, ஆனா ஹாப்ஸ்பர்க் சொந்த நிலத்துல இருந்து வெளியேறின பொஹேமியாக்காரங்களுக்கு அந்த பலன் கிடைக்கல. ஓஸ்னாப்ரூக்ல ஒரு தடவ கத்தோலிக்க பிஷப், அடுத்த தடவ லூத்தரன்னு முறை வச்சாங்க. ஆக்ஸ்பர்க்ல ஊர் பதவிய ரெண்டு சபைக்கும் சரி பாதியா பிரிச்சாங்க. யாரும் யாரையும் நேசிச்சு எழுதின ஒப்பந்தம் இல்ல, இனிமே எப்படி ஒரே தெருவுல வாழப்போறோம்னு உக்காந்து கணக்கு போட்டது. போப் பத்தாம் இன்னசென்ட் இது செல்லாதுன்னு அறிவிச்சாரு, யாரும் கேக்கல. ஆக்ஸ்பர்க் ஊர்ல ஆகஸ்ட் 8-ல அமைதித் திருவிழா இன்னைக்கும் பொது விடுமுறை.

"இதெல்லாம் எங்கயோ ஜெர்மனியில நடந்தது, நம்ம ஆடியன்ஸ் எதுக்கு பாக்கணும்"னு உங்கள்ல சில பேர் கேக்கலாம். வலிஞ்சு ஒரு தொடர்பு உண்டாக்க வேண்டியதில்ல, நெசமாவே ஒன்னு இருக்கு. போர் ஆரம்பிச்ச அதே 1618-ல தான் டென்மார்க்ல இருந்து ஓவ கியெட்டங்கற இளைஞர் தலைமையில கப்பல் கெளம்புச்சு. வெள்ளை மலை சண்டை நடந்த அதே 1620 நவம்பர்ல தஞ்சை ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் ஆகி தரங்கம்பாடி டேனிஷ்காரங்க கைக்கு வந்துச்சு, டான்ஸ்போர்க் கோட்டை எழும்புச்சு. கப்பல அனுப்பின ராஜா நாலாம் கிறிஸ்டியன். அதே ராஜா 1625-ல ஜெர்மன் போர்ல குதிச்சு, 1626 ஆகஸ்ட்ல லுட்டர்ங்கற எடத்துல திலிகிட்ட தோத்து, வாலன்ஸ்டைன் படை டென்மார்க்குக்குள்ளயே வந்து உக்காந்துச்சு. அதுக்கப்புறம் ஸ்வீடன் வேற அடிச்சுது. கோபன்ஹேகன்ல காசு இல்ல, 1640-களுக்கு அப்புறம் 1669 வரைக்கும் தரங்கம்பாடிக்கு டென்மார்க்ல இருந்து ஒரு கப்பல் கூட வரல. கோட்டையில இருந்தவங்க ஒவ்வொருத்தரா செத்து ஒரு கட்டத்துல மிஞ்சின டேனிஷ்காரர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்க ஒருத்தர் தான், அவரு உள்ளூர் ஆளுங்கள வச்சு கோட்டைய காப்பாத்திக்கிட்டு இருந்தாரு.

இன்னும் ஒரு நூல் இருக்கு. எரிஞ்சு போன மாக்டபர்க் ஒரு பேராயத்தோட தலை ஊர், அந்த பேராயத்துல தான் ஹாலே இருந்துச்சு. 1648 ஒப்பந்தப்படி அந்த நிலம் பிராண்டன்பர்க்குக்குன்னு எழுதி 1680-ல கைக்கு போச்சு, அந்த ஆட்சியில 1694-ல ஹாலேல பல்கலைக்கழகம் வந்துச்சு, அங்க படிச்ச ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடியில வந்து எறங்கினாரு, ஹாலேல இருந்து வந்த அச்சு எழுத்துலயும் சேத்து இங்க தமிழ் புத்தகம் அச்சாச்சு. போரால தான் தமிழ் அச்சு வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, அப்படி நீங்களும் சொல்லிடாதீங்க. ஆனா அந்த போர் எழுதின எல்லைக் கோடு ஒன்னு நம்ம கடற்கரை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு, அது உண்மை.

என்னோட வேண்டுகோள் பெருசா ஒன்னும் இல்ல. ஏற்கனவே போட்ட வீடியோவ எடுக்க வேண்டாம், கீழ ஒரு பின் கமெண்ட்ல சாக்சனி, ரிஷ்லியூ, டி விட்ட இந்த மூணு பேர பத்தியாவது நாலு வரி போடுங்க. தம்ப்நெயில்ல சிலுவையையும் ரத்தத்தையும் சேத்து வைக்கறத நிறுத்துங்க, அது எந்த மாதிரி ஆள உள்ள கூட்டிட்டு வருதுன்னு உங்களுக்கே தெரியும். மதத்த வச்சு பக்கத்துல இருக்கவன திட்டுற கமெண்ட்ட அழிக்க ஒரு ஆள போடுங்க, வியூஸ் கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல. அடுத்து இந்த போர எடுக்குறவங்க யாராவது இருந்தா ப்ராக் ஜன்னல்ல இருந்து தொடங்காம தரங்கம்பாடி கோட்டையில கேமராவ வச்சு தொடங்குங்க, மயிலாடுதுறையில இருந்து பஸ் இருக்கு. ஸ்கிரிப்ட்ட படிச்சு தேதியும் பேரும் சரி பாத்து குடுக்க ஆள் வேணும்னா நான் இருக்கேன், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்க வீடியோக்கள விடாம பாக்குற ஒருத்தன்